ரேந்தை பேட்டர்ன் அட்டை: எதில் வரைவது, எதால் குத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாபின் ரேந்தை, அதாவது பாபின் என்ற சின்னக் கட்டைகளில் நூலைச் சுற்றிப் பின்னும் லேஸ், பழக வருகிறவர்கள் முதல் வாரம் பாபினைப் பற்றியும் நூலைப் பற்றியும் கேட்பார்கள். இரண்டு மாதம் கழிந்தால் கேள்வியெல்லாம் அட்டையைப் பற்றியதாகிவிடும். ஏன் என் வலை கோணுகிறது, ஏன் குண்டூசி சாய்கிறது, ஏன் நூல் கறுக்கிறது என்று கேட்பார்கள். முக்கால்வாசி நேரம் கையில் குற்றம் இருக்காது, அட்டையில்தான் இருக்கும். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பேட்டர்ன் அட்டை என்றால் சரியாக என்ன?

பாபின் ரேந்தையில் நூல்களைத் திண்டின் (கெட்டியாக அடைத்த தலையணையின்) மேல் வைத்து, ஒன்றை ஒன்று குறுக்கிட்டும் முறுக்கியும் பின்னுகிறோம். பின்னல் நழுவாமல் நிற்க அங்கங்கே குண்டூசி குத்துகிறோம். எங்கெங்கே குத்த வேண்டும் என்று முன்கூட்டியே துளை போட்டு வைத்திருக்கும் அட்டைதான் பேட்டர்ன் அட்டை. அதைத் திண்டின் மேல் பொருத்திவிட்டு அதற்கு மேலேயே வேலை நடக்கும். வேலை முடிந்து ஊசிகளைப் பிடுங்கினால் ரேந்தை கையோடு வந்துவிடும், அட்டை அடுத்த தடவைக்குத் தயாராக இருக்கும்.

அதில் கோடும் இருக்கும், துளையும் இருக்கும். ஆனால் துளைதான் பேட்டர்ன். கோடு நமக்கு வழி காட்ட மட்டுமே. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தப் பொருளுக்குப் பணம் செலவழிக்கலாம், எதில் சிக்கனம் பிடிக்கலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ரேந்தை, லேஸ், குரோஷா எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. குரோஷா ஒரே ஒரு கொக்கி ஊசியால் போடுவது. ஆந்திராவின் நரசாபுரம் லேஸ் அந்த வகை. அதற்குத் துளை அட்டை தேவையில்லை. இந்தப் பக்கம் முழுக்கப் பேசுவது பல ஜோடி பாபின்களைக் கொண்டு திண்டில் பின்னுவதைப் பற்றி மட்டும். 'ரேந்தை' என்ற சொல்லே போர்த்துகீசியர் விட்டுச் சென்றது. அவர்கள் மொழியில் 'ரெண்டா'. நாகர்கோவில் பக்கம் இந்தக் கைவேலை வேரூன்றியது 1820-களில், லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததிலிருந்து. அவர்களுடைய மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது இந்த வேலையும் கூடவே போனது.

பிரிண்ட் எடுத்த தாளை அப்படியே திண்டில் வைத்துப் பின்னினால் என்ன? எதற்கு இந்தக் குத்துகிற வேலை?

பழகும் காலத்தில், கனமான நூலில், நாலு விரல் நீளத்துக்கு ஏதாவது முயன்று பார்க்கிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஒன்றும் குடிமுழுகிவிடாது.

ஆனால் பின்னும்போது உங்கள் இரண்டு கையிலும் பாபின் இருக்கிறது, கண் நூலைப் பார்க்கிறது, ஊசியைக் குத்த ஒரு நொடிதான் கிடைக்கிறது. அந்த நொடியில் புள்ளியின் நட்ட நடுவில் குத்துவது எவராலும் ஒவ்வொரு தடவையும் ஆகாது. ஒரு ஊசி கால் மில்லிமீட்டர் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று போனால், தனியாகப் பார்க்கையில் தெரியாது. வேலையைத் திண்டிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் வலைக் கண்கள் ஒன்று சிறுத்தும் ஒன்று பெருத்தும் நிற்கும். முன்பே துளை இருந்தால் ஊசி முனை தானாகவே போய் உட்காரும். வேகமும் கூடும். இன்னொரு வசதியும் உண்டு. அட்டையில் துளை இறுக்கமாக இருந்தால் நூலின் இழுப்பில் ஊசி சாயாது.

எந்த அட்டை வாங்கலாம்?

வெளிநாட்டில் இதற்கென்றே பளபளப்பேற்றிய பழுப்பு அட்டை விற்கிறார்கள். அடர்த்தியாக அழுத்தப்பட்டது, கெட்டியானது, துளையின் விளிம்பு பிய்யாது. கிடைத்தால் வாங்கலாம், கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். ஸ்டேஷனரி கடையில் 250 முதல் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வரையுள்ள வழவழப்பான அட்டை கேளுங்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளில் வெட்டி மிச்சமான நல்ல அட்டைத் துண்டுகள் கிடைக்கும். என் அட்டைகளில் பாதி அப்படி வந்தவைதான்.

வேண்டாதவை எவை என்று சொல்வது இன்னும் சுலபம். சாதாரண சார்ட் பேப்பர் மெலிசு, பத்து நாளில் துளை தளர்ந்துவிடும். சட்டை மடிப்புக்குள் வைத்து வரும் சாம்பல் நிற அட்டை பஞ்சு போன்றது, குத்தினால் நார் நாராகக் கிளம்பும், அந்தத் தூசு நூலில் ஒட்டும். நெளிவு அட்டைப்பெட்டியை வெட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அதில் ஊசி நெளிவின் பள்ளத்தில் வழுக்கிப் போகும். ஒரே அழுத்தத்தில் இரண்டு துளை ஒரே மாதிரி விழாது.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பையில் ஒரு குண்டூசி கொண்டு போங்கள். அட்டை மூலையில் 2 மி.மீ. இடைவெளியில் நாலைந்து துளை போடுங்கள். நடுவில் கிழியாமல், விளிம்பு நறுக்கென்று நின்றால் அந்த அட்டை போதும். கடைக்காரர் முறைப்பார். ஒரு அட்டைக்குக் காசு கொடுத்துவிடுங்கள்.

அந்தக் காலத்தில் தோலில் குத்தினார்களாமே?

ஆமாம். இங்கிலாந்தின் ரேந்தை ஊர்களில் ஆட்டுத்தோலைப் பதப்படுத்திய தோல் தாளில்தான் பேட்டர்ன் குத்தினார்கள். விலை உயர்ந்தது, ஆனால் தலைமுறைக்கும் வரும். ஒரே பேட்டர்னை ஆண்டுக்கணக்கில் பின்னி விற்றவர்களுக்கு அது கட்டுபடியாகும். கைக்குட்டைக்கு ஒன்று, பாவாடை ஓரத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பின்னும் நமக்கு அட்டையே அதிகம்.

வெள்ளை அட்டையில் வெள்ளை நூல் கண்ணுக்கே தெரிவதில்லை. என்ன செய்வது?

வெள்ளை நூலுக்கு அடியில் நிறம் வேண்டும். நீலம், பச்சை, பழுப்பு எதுவானாலும் சரி, அடர்வும் வேண்டாம், கண்ணைக் கூசவும் வேண்டாம். பளபளப்பில்லாத நீல நிற ஒட்டும் ஃபிலிம் ஒன்று உண்டு. அதன் வழியே அடியிலுள்ள கோடு தெரியும். ரேந்தைக்காரர்கள் பலர் பேட்டர்னை அச்சடித்த தாளை அட்டையில் ஒட்டி, மேலே இதை ஒட்டி, பிறகு குத்துகிறார்கள். இங்க் நூலில் படாது, வெளிச்சம் கண்ணில் அடிக்காது, அட்டையும் வலுவாகும். நம் ஊர் கடையில் அது எப்போதும் கிடைப்பதில்லை. மாற்று வழி, வெளிர் நீலத் தாளில் நேரடியாக அச்சடித்து அட்டையில் ஒட்டிவிட்டு, மேலே பளபளப்பில்லாத நிறமற்ற ஒட்டும் ஷீட் போடுவது. கறுப்பு நூலோ அடர்நிற நூலோ என்றால் நேர்மாறு. அட்டை வெளிறி இருக்கட்டும்.

ஒட்டும்போது குமிழி விழக்கூடாது. குமிழி மேல் குத்தினால் ஃபிலிம் நழுவி, துளை இரண்டு இடத்தில் விழுந்த மாதிரி ஆகும். ஒரு ஓரத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் ஒட்டி, ஸ்கேலை மேலே வைத்து அழுத்திக்கொண்டே, அடித்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவுங்கள். பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போட்ட கைக்கு இது தெரியும்.

ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டுவிட்டால்?

போடலாம், ஆனால் நான் போடுவதில்லை. அது பளபளக்கும். டியூப் லைட்டுக்கு அடியில் ஒரு மணி நேரம் பார்த்தால் தலைவலி நிச்சயம். கெட்டியாக இருப்பதால் குத்தக் கையும் வலிக்கும். வளைந்த திண்டில் படியாமல் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

குத்துவதற்கு எந்த ஊசி? அதற்கென்று தனிக் கருவி வேண்டுமா?

கருவி என்பது ஒரு கைப்பிடியும் அதன் நுனியில் ஒரு ஊசியும்தான். கைப்பிடிக்கு நகைத்தொழில் சாமான் விற்கும் கடையிலோ வாட்ச் ரிப்பேர் சாமான் கடையிலோ 'பின் வைஸ்' என்று கேளுங்கள். நுனியைத் திருகினால் மெல்லிய ஊசியைக் கவ்விப் பிடிக்கும். சில நூறு ரூபாய்க்குள் முடியும், வாழ்நாள் முழுக்க வரும். என் கணக்கில் இந்த வேலையில் கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். அட்டை மலிவாக இருந்தாலும் துளை நன்றாக விழும். ஊசி ஆடினால் எந்த அட்டையிலும் விழாது. அதுவும் வாங்க முடியாவிட்டால், ஊசியின் காதுப்பக்கத்தை ஒரு பாட்டில் கார்க்கில் ஆழமாகச் செருகிவிடுங்கள். ஒரு வருஷம் நான் அப்படித்தான் குத்தினேன்.

ஊசி விஷயத்தில் ஒரே விதி: வேலையில் பயன்படுத்தப்போகும் குண்டூசியின் பருமனுக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை மெலிதாகவோ இருக்க வேண்டும். தடித்தால் குண்டூசி துளையில் ஆடும். கைத்தையல் ஊசியில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும் என்பதை மறக்க வேண்டாம். நடுத்தர வேலைக்கு 8-ஆம் நம்பர், மெல்லிய நூலுக்கு 10-ஆம் நம்பர் என்று தொடங்கலாம். ஒரு துண்டு அட்டையில் குத்தி, குண்டூசியை அதில் நிறுத்தி, அட்டையைத் தலைகீழாகப் பிடியுங்கள். ஊசி விழாமல் தொங்கினால் அளவு சரி.

கைப்பிடியிலிருந்து ஊசி எவ்வளவு நீள வேண்டும் என்றும் கேட்பார்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் போதும். நீளமாக விட்டால் ஊசி வளையும், துளை சாயும். பத்து இருபது துளைக்கு ஒரு தடவை தேன்மெழுகில் ஊசியைக் குத்தி எடுங்கள். வெண்ணெயில் குத்துவது போல இறங்கும். மெழுகுவர்த்தி மெழுகு வேண்டாம், அது பொருபொருத்து அட்டையில் உதிரும்.

தையல் மெஷினில் நூல் கோர்க்காமல் ஓட்டினால் வரிசையாகத் துளை விழுமே?

விழும். உங்களுக்கு வேண்டிய இடத்தில் விழாது.

குத்தும்போது அடியில் எதை வைப்பது?

தெர்மகோல் கைக்கு எட்டும் பொருள், ஆனால் உதிரும். உதிர்ந்த மணிகள் அட்டையின் அடியில் போய்ச் சேர்ந்துகொண்டு அதை மேடு பள்ளமாக்கும். கார்க் பலகை நல்லது. அதைவிட எனக்குப் பிடித்தது பழைய யோகா விரிப்பிலிருந்து வெட்டிய துண்டு, இரண்டாக மடித்தது. ஊசி ஒரே சீராக இறங்கும், சத்தமும் இல்லை. பின்னும் திண்டின் மேலேயே வைத்துக் குத்துவதை மட்டும் தவிருங்கள். திண்டின் இறுக்கம் அந்த இடத்தில் போய்விடும், பிறகு குண்டூசி நிற்காது.

ஊசியும் அட்டையும் தயார். எப்படிக் குத்துவது?

பெரியம்மா எனக்கு இதைச் சொல்லித் தந்தபோது முதல் நாள் முழுக்கக் குத்தவே விடவில்லை, உட்காரச் சொல்லிக்கொடுத்தார். அட்டை மேஜை மேல், முகம் அட்டைக்கு நேர் மேலே. பக்கவாட்டில் உட்கார்ந்து குத்தினால் கண் ஏமாற்றும். புள்ளியின் நடுவில் குத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டே எல்லாத் துளையையும் ஒரே பக்கமாக ஒதுக்கியிருப்போம். ஊசி செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்து இறங்கினால் மேல்பக்கம் சரியாகவும் அடிப்பக்கம் தள்ளியும் துளை விழும்.

வரைந்த தாளை அட்டையின் மேல் வைத்து நாலு மூலையிலும் நன்றாகப் பொருத்துங்கள். பாதியில் தாள் நகர்ந்தால் அந்த அட்டை குப்பைக்குத்தான். முதலில் நேர் ஓரத்தை, அதாவது பிற்பாடு துணியோடு சேர்த்துத் தைக்கப்படும் ஓரத்தை, மேலிருந்து கீழ் வரை குத்தி முடியுங்கள். அந்த வரிசை நேராக இருந்தால் மற்றதெல்லாம் அதற்குக் கட்டுப்படும். பிறகு வலைப் பகுதியைச் சாய்வு வரிசையாகவே குத்துங்கள். பின்னும்போது நீங்கள் போகும் திசையும் அதுதான். கை தவறினால் வரிசை கோணுவது உடனே தெரியும். வளைவு ஓரம் கடைசியில். ஒவ்வொரு துளைக்கும் ஊசி ஒரே ஆழத்துக்கு இறங்கட்டும். முனை மட்டும் இறங்கினால் துளை சிறுக்கும்.

தாளைப் பிரிப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒரு மூலையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் கழற்றி, அட்டையை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாக வரும். கோலத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் வாசலைத் தாண்டும்போதே கண்ணில் உறுத்துமே, அதே மாதிரி விடுபட்ட துளை அங்கே இருட்டாக நிற்கும். தாளை மறுபடி அதே இடத்தில் பொருத்தி அந்த ஒன்றைக் குத்திவிடலாம். இதைச் செய்யாமல் விட்டு, நாற்பது ஜோடி பாபின் தொங்கும்போது நட்ட நடுவில் துளை இல்லாததைக் கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஜெராக்ஸ் எடுத்தால் அளவு மாறுமா?

மாறும். எவ்வளவு என்பதுதான் மெஷினுக்கு மெஷின் வேறுபடும். நான் ஒரு தடவை கைக்குட்டை ஓரம் முழுவதையும், 25 செ.மீ. சதுரம், ஏ3 தாளில் நகலெடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம், அங்கே கூட்டம், அளந்து பார்க்கவில்லை. பின்னி முடிக்க ஏழு வாரம். துணியில் வைத்துத் தைக்கப்போனபோது இரண்டு பக்கம் சரியாக உட்கார்ந்தது, மற்ற இரண்டு பக்கம் 3 மி.மீ. நீண்டு சுருக்கம் விழுந்தது. தாள் மெஷினுக்குள் ஓடும் திசையில் மட்டும் நகல் கொஞ்சம் நீண்டிருக்கிறது. பார்வைக்குச் சதுரம், அளந்தால் செவ்வகம்.

அதிலிருந்து, எந்த மூலப்படத்தின் ஓரத்திலும் நீளவாக்கில் ஒரு 10 செ.மீ. கோடும் அகலவாக்கில் ஒரு 10 செ.மீ. கோடும் போட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவேன். நகல் வந்ததும் இரண்டையும் அளப்பேன். இரண்டும் ஒரே அளவு மாறியிருந்தால் சதவீதத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். ஒன்று மட்டும் மாறியிருந்தால் அந்த மெஷினே வேண்டாம். நகலின் நகலை எடுக்கவே வேண்டாம், பிழை குட்டி போடும். பிரிண்டரில் எடுப்பவர்கள் 'ஃபிட் டு பேஜ்' என்பது அணைந்திருக்கிறதா, அளவு 100% என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன அட்டைகளில் பாதி அந்த ஒரு டிக் செய்த கைங்கரியம்.

எந்தப் பேனா?

காய்ந்த பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாத இங்க் உள்ள டிராயிங் பேனா, 0.1 அல்லது 0.3 முனை. பால்பாயிண்ட் கூடாது, அதன் இங்க் நாட்கணக்கில் நூலுக்கு ஏறும். பென்சில் அதைவிட மோசம். கரி நூலில் உரசி உரசி வெள்ளை ரேந்தை சாம்பல் நிறமாகும், துவைத்தாலும் முழுக்கப் போகாது. நம் ஊர் வியர்வைக் கைக்கு இங்க்ஜெட் பிரிண்ட்டும் ஆபத்து. மேலே ஃபிலிம் ஒட்டாமல் அதில் பின்னாதீர்கள். சந்தேகம் இருந்தால் காது குடையும் பஞ்சை நனைத்து ஒரு கோட்டின் மேல் தேய்த்துப் பாருங்கள்.

அட்டையில் என்னென்ன குறிக்க வேண்டும்?

பாதியில் எழுந்து போய்விட்டு மூன்று நாள் கழித்து வந்து உட்கார்ந்தால் உங்களுக்கு எது மறக்குமோ, அதெல்லாம். துணி போல நெருக்கமாகப் பின்னும் பகுதியின் எல்லை, ஓரம் கட்டும் தடித்த நூல் போகும் பாதை, எங்கே எத்தனை ஜோடி தொங்கவிட வேண்டும் என்ற எண். இதற்கு மேல் அட்டையில் கிறுக்கினால் நூலே தெரியாது. தையல் வகைகளை நிறத்தால் காட்டும் வழக்கம் பெல்ஜியத்தில் இருந்து பரவியது: க்ளாத் ஸ்டிட்சுக்கு (துணி போன்ற பின்னல்) ஊதா, ஹாஃப் ஸ்டிட்சுக்கு (சல்லடை போன்ற பின்னல்) பச்சை, க்ளாத் ஸ்டிட்சோடு ஒரு முறுக்கும் சேர்ந்தால் சிவப்பு. அந்த நிறப்படத்தைத் தனித் தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அட்டையில் வேண்டாம்.

நானே பேட்டர்ன் வரைய எந்த கிராஃப் தாள்?

டார்ஷன் என்ற எளிய ரேந்தை வகைக்குச் சாதாரணச் சதுரக் கட்டம் போதும். அதன் வலை 45 டிகிரியில் ஓடுவது, எனவே கட்டச் சந்திப்புகளில் ஒன்று விட்டு ஒன்றாகப் புள்ளி வைத்தாலே வலை வந்துவிடும். 2 மி.மீ. கட்டம் என்றால் நேர் ஓரத்தில் ஊசிகள் 4 மி.மீ. இடைவெளியில் நிற்கும். பள்ளிக்கூட கிராஃப் தாளில் 1 மி.மீ. கட்டம் இருப்பதால் எந்த அளவையும் அதிலேயே எண்ணிப் பிடிக்கலாம். ஆனால் மலிவான கிராஃப் தாளில் அச்சு கோணியிருக்கும். ஸ்கேல் வைத்து 20 செ.மீ. அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இங்கிலாந்தின் பக்ஸ் பாயிண்ட் ரேந்தை போன்ற மெல்லிய வலைகளுக்கு 45 டிகிரி ஒத்துவராது, கோணம் வேறு. அதற்குச் சதுரத் தாளில் மல்லுக்கட்டாமல், முக்கோணக் கட்டம் உள்ள ஐசோமெட்ரிக் தாளில் தொடங்குங்கள். 60 டிகிரி தயாராகக் கிடைக்கும்.

புத்தகத்தில் சொன்ன நூல் இங்கே கிடைப்பதில்லை. அட்டையை எவ்வளவு பெரிதாக்குவது?

இது ஊகம் வேண்டாத கணக்கு. ஸ்கேல் மேல் நூலை நெருக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், இழுத்து நசுக்காமல் சுற்றுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். புத்தகத்து நூல் 24 சுற்று, உங்கள் நூல் 20 சுற்று என்றால், 24-ஐ 20-ஆல் வகுத்தால் 1.2. பேட்டர்னை 120% ஆக நகலெடுங்கள். உங்கள் நூல் மெலிதாக 30 சுற்று வந்தால் 80%. ஒரு சென்டிமீட்டர் சுற்றி எண்ணுவதைவிட 2 செ.மீ. சுற்றிப் பாதியாக்குவது நம்பகமானது.

இந்தக் கணக்கைச் செய்யாமல் தடித்த நூலைச் சின்ன அட்டையில் திணித்தால் ரேந்தை பாய் மாதிரி விறைத்து நிற்கும். மெல்லிய நூலைப் பெரிய அட்டையில் போட்டால் ஊசி பிடுங்கிய அன்றே கொசுவலை மாதிரி தொய்ந்துவிடும். பெரிதாக்கினால் அகலமும் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். 5 செ.மீ. ஓரம் 120%-ல் 6 செ.மீ.

ரோலர் திண்டுக்கு அட்டையின் இரண்டு முனையும் சேரவே மாட்டேன் என்கிறது.

ரோலரில் அட்டை வளையமாகச் சுற்றி, தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். ஆகவே சுற்றளவுக்குள் டிசைன் முழு எண்ணிக்கையில் அடங்க வேண்டும். உதாரணமாக ரோலரின் விட்டம் 12 செ.மீ., சுற்றளவு சுமார் 37.7 செ.மீ. உங்கள் டிசைன் 2.4 செ.மீ.-க்கு ஒரு தடவை திரும்ப வருகிறது. 15 தடவைக்கு 36 செ.மீ., 16 தடவைக்கு 38.4. இரண்டும் பொருந்தவில்லை.

அட்டையைச் சுருக்காதீர்கள், ரோலரைக் கொழுக்க வையுங்கள். 38.4 செ.மீ. சுற்றளவுக்கு விட்டம் 12.2 செ.மீ. வேண்டும். அதாவது சுற்றிலும் 1 மி.மீ.-க்குச் சற்றுக் கூடுதலான தடிமன். பழைய கம்பளித் துணியோ ஃபிளானலோ ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினால் வந்துவிடும். இணைப்பை நேராக வெட்டாமல் துளைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வெட்டினால், சேர்ந்த இடம் தெரியாது, துளையும் பாதியாக வெட்டுப்படாது.

பாட்டி வைத்திருந்த பழைய அட்டை இருக்கிறது. அதிலிருந்து நகல் எடுப்பது எப்படி?

பழைய அட்டையை மேலே வைத்து அதன் துளை வழியே புதிய அட்டையில் குத்துவதுதான் எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். பழைய துளைகள் தளர்ந்திருக்கும், உங்கள் ஊசி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கம் ஒதுங்கும். பழைய அட்டையும் இன்னும் கெடும்.

அட்டையைக் கவிழ்த்துப் போடுங்கள். ஊசி வெளிவந்த பக்கத்தில் துளையைச் சுற்றிச் சின்ன மேடு இருக்கும். அதன் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேயுங்கள். காசை தாளுக்கு அடியில் வைத்துத் தேய்த்து விளையாடியிருப்பீர்களே, அதுதான். புள்ளிகள் தெளிவாக எழும்பும். பின்பக்கத்திலிருந்து எடுத்ததால் படம் இடவலமாக மாறியிருக்கும். டிரேசிங் பேப்பரைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். பிறகு அதை அப்படியே குத்தாமல், கிராஃப் தாளின் மேல் வைத்து ஒவ்வொரு புள்ளியையும் அதற்குரிய சந்திப்புக்கு நகர்த்தி வரையுங்கள். கைக்குக் கை மாறி வந்த அட்டையில் நாலு பேருடைய கைப்பிழை சேர்ந்திருக்கும். அதை உங்கள் அட்டையோடு நிறுத்திவிடலாம்.

கம்ப்யூட்டரில் வரையலாமா?

தாராளமாக. இன்க்ஸ்கேப் இலவசம், கட்டம் போட்டுப் புள்ளி வைக்க அது போதும். வலை வகைகளை மாற்றி மாற்றிப் பார்க்க கிரவுண்ட்ஃபோர்ஜ் என்ற இலவசக் கருவி இணையத்தில் இருக்கிறது. வட்ட விரிப்பு வரைபவர்களுக்குக் கம்ப்யூட்டர் பெரிய வரம். வட்டத்தில் மையத்திலிருந்து வெளியே போகப் போகக் கோடுகள் விலகும். வளையங்களின் இடைவெளியும் அதே விகிதத்தில் கூடினால்தான் கண்கள் ஒரே வடிவத்தில் இருக்கும். காம்பஸ் வைத்து அதைக் கையால் போட்டவர்களுக்கு என் வணக்கம். ஒரு எச்சரிக்கை: திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் அழகாக இருக்கும். முழு அட்டைக்கும் குத்துவதற்கு முன் இரண்டு டிசைன் நீளம் மட்டும் குத்திப் பின்னிப் பாருங்கள்.

குண்டூசி துருப்பிடித்து அட்டையில் கறை வருகிறது.

கடற்கரை ஊர்களில் சாதாரண இரும்பு ஊசி ஒரு வாரம் தாங்காது. துரு அட்டையோடு நிற்காது, நூலிலும் ஏறும், பிறகு போகவே போகாது. பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்குங்கள். காந்தத்தை நம்பிப் பிரித்துப் பார்க்க வேண்டாம், சில வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டும். நாலு ஊசியை ஈரத் துணியில் சுருட்டி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள்.

குத்திய அட்டைகளை எப்படிப் பாதுகாப்பது?

தட்டையாக, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே. ரோலருக்கானதை மட்டும் வளைத்தே வைக்கலாம். தாள் ஈரக்காற்றில் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி மழையில் எடுத்த அட்டை ஓரம் நெளிந்திருந்தால் பயப்படாதீர்கள், கனமான புத்தகத்துக்கு அடியில் இரண்டு நாள் வையுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பசை ஒட்டிய அட்டை என்றால் விருந்து, அதனால் மைதாப் பசை வேண்டாம். ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் நூலின் பெயர், எத்தனை ஜோடி, எந்த ஊசி, நகலெடுத்த சதவீதம் நாலையும் எழுதிவையுங்கள்.

பிறர் வரைந்த பேட்டர்னை நகலெடுத்துக் கொடுக்கலாமா?

நீங்கள் பின்னுவதற்கு ஒரு நகல் என்பது வேறு. பத்துப் பேருக்குக் கொடுப்பதும் விற்பதும் வேறு. வரைந்தவரைக் கேளுங்கள்.

ஒரு துளை தப்பான இடத்தில் விழுந்துவிட்டது. அட்டையைத் தூக்கிப் போடுவதா?

சரியான இடத்திலிருந்து 2 மி.மீ. தள்ளியிருந்தால் கவலையில்லை. பின்பக்க மேட்டை நகத்தால் அழுத்தித் தேய்த்து மூடி, மேலே ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டுவிட்டு, சரியான இடத்தில் குத்துங்கள். சிக்கல், அது அரை மில்லிமீட்டர் மட்டும் தள்ளியிருக்கும்போது. இரண்டு துளைக்கும் நடுவில் அட்டை நிற்காது, ஊசி எப்போதும் பழைய துளைக்கே வழுக்கும். பின்னால் ஒரு துண்டு அட்டையை ஃபெவிகாலால் ஒட்டி, இரவு முழுக்கக் காயவிட்டு, மறுநாள் மேலிருந்து மறுபடி குத்துங்கள். அந்தத் துண்டுக்குள் வரும் மற்றத் துளைகளையும் திரும்பக் குத்த வேண்டியிருக்கும். ஒரு அட்டையில் இப்படி மூன்று ஒட்டுக்கு மேல் போனால் நான் டீ போட்டுக் குடித்துவிட்டுப் புது அட்டை எடுத்துவிடுவேன்.